மலைக்கும் பயணத்துக்கும் ஒரே மீடியம் ஃபார்மட் கேமரா: மாமியா 7 தவிர வேறு வழி இல்லையா?

வாசகர் கேள்வி, ஜூன் 4

35 எம்.எம். ஃபிலிமில் பல வருடங்களாக எடுக்கிறேன். இயற்கைக் காட்சியும் பயணமும்தான் என் விஷயம். பெரிய பிரிண்ட் போட்டால் வானத்தில் கிரெயின் (ஃபிலிமின் துகள்) உறுத்துகிறது, அதனால் 35ஐவிடப் பெரிய ஃபிலிமான மீடியம் ஃபார்மட்டுக்குப் போகிறேன். 6×7க்கு (ஏறக்குறைய செ.மீ. கணக்கில் ஃபிரேம் அளவு) கீழே இறங்குவதில் அர்த்தமில்லை என்பதும், 6×7இல் முதுகில் தூக்கக்கூடிய ஒரே கேமரா மாமியா 7 என்பதும் என் கணிப்பு. ஒன்றுதான் வாங்குவேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஜூன் 4, இரவு

பாதியை மறுக்கிறேன்.

முதலில் அளவு. 35 எம்.எம். ஃபிரேம் 24×36 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. 6×4.5 என்று நாம் சொல்வது நிஜத்தில் ஏறக்குறைய 56×41.5 மி.மீ.; பரப்பு 35ஐப் போல 2.7 மடங்கு. 6×7 ஏறக்குறைய 56×70. அது நாலரை மடங்கு. கேட்க பெரிய வித்தியாசமாக இருக்கும். ஆனால் நீள்பக்கம் 50 செ.மீ. வரும்படி ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். 35இலிருந்து கிட்டத்தட்ட 14 மடங்கு பெரிதாக்க வேண்டும். 6×4.5இலிருந்து 9 மடங்கு. 6×7இலிருந்து 7 மடங்கு. 14லிருந்து 9க்கு வருவதுதான் பெரிய தாவல். 9க்கும் 7க்கும் உள்ள தூரத்தை டிரைபாட் சரியாக நிற்காத ஒரு காற்று விழுங்கிவிடும்.

6×6 சதுரத்தைச் சதுரமாகவே பார்க்கிறவர்களுக்கு மட்டும். மேலும் கீழும் வெட்டி அகலப் படமாக்கப் போகிறீர்கள் என்றால் கையில் மிஞ்சுவது 6×4.5தான்.

எனவே "6×7க்குக் கீழே அர்த்தமில்லை" என்பதை நான் ஏற்கவில்லை. சுவரளவு பிரிண்ட் போடுகிறவர் என்றால் பேச்சு வேறு.

ஜூன் 5

எடையைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். மாமியா 7, 80 மி.மீ. லென்ஸோடு சுமார் 1.2 கிலோ. ஃபியூஜி ஜி.டபிள்யூ.690 III ஒன்றரை கிலோ, அதுவும் 6×9. ஹாசல்பிளாட் 500 சி/எம், 80 லென்ஸ், 12 ஃபிரேம் பேக் (ஃபிலிம் வைக்கும், கழற்றக்கூடிய பின்பெட்டி) எல்லாம் சேர்த்து அதே ஒன்றரை. பென்டாக்ஸ் 67, கண் வைத்துப் பார்க்கும் பிரிஸமும் 105 லென்ஸும் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். மாமியா ஆர்.பி.67 இரண்டரைக்கும் மேல். அதைத் தூக்கிக்கொண்டு மலையேறுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் உடலை மட்டும் தராசில் வைத்துப் பயனில்லை. பென்டாக்ஸ் 67 வாங்கினால் அதைத் தாங்குகிற டிரைபாடையும் அதற்கேற்ற தலையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். மாமியா 7க்கு இலேசான கால்களே போதும். வித்தியாசம் கேமராவில் ஒரு கிலோ, காலில் இன்னொரு கிலோ. இரண்டாவது லென்ஸ் என்று வரும்போது அது மேலும் கூடும். இந்த வகையில் உங்கள் கணிப்பு சரி.

ஜூன் 5, சிறு குறிப்பு

"நல்ல லென்ஸ், வேகமான 400 ஃபிலிம் இருந்தால் டிரைபாட் எதற்கு" என்று கேட்ட நண்பருக்கு: 6×7இல் 80 மி.மீ. என்பது 35இல் ஏறக்குறைய 40 மி.மீ. பார்வை. அந்த 40இல் எஃப்/8 வைத்தால் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்) கிடைக்கிற ஃபோகஸ் ஆழம் 80இல் எஃப்/16இல்தான் கிடைக்கும். இரண்டு ஸ்டாப் போயிற்று (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). 80 லென்ஸை எஃப்/16க்கு மூடி 6.7 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் சுமார் 3.3 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவு. காலடியில் இருக்கும் பாறை அதற்குள் வராது, எஃப்/22 வேண்டும். விடியற்காலை வெளிச்சத்தில், 50 வேக ஸ்லைடு ஃபிலிமில், எஃப்/22 என்றால் ஷட்டர் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கையில் பிடித்து எடுக்கும் மீடியம் ஃபார்மட் படங்கள் அழகானவை. அவை தெருவுக்கும் முகத்துக்கும்.

ஜூன் 7

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், விஷயம் இங்கேதான் இருக்கிறது.

நான் முதலில் வைத்திருந்தது ஜி.டபிள்யூ.690 III. பேட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது, லென்ஸ் கழற்ற முடியாது. 90 மி.மீ. எஃப்/3.5 ஒன்றுதான். ஒரு ரோலுக்கு எட்டுப் படம். அந்தக் கேமராவோடு எனக்குச் சண்டையே கிடையாது. அது செய்வதாகச் சொன்ன எல்லாவற்றையும் செய்தது. நெகட்டிவைக் கையில் தூக்கிப் பிடித்தால் தபால் அட்டை மாதிரி இருக்கும்.

அதில் நீண்ட எக்ஸ்போஷருக்கு 'பி' (பொத்தானை அமுக்கியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருப்பது) கிடையாது, 'டி' மட்டும். பொத்தானை அமுக்கினால் ஷட்டர் திறந்துகொள்ளும். மூட வேண்டுமென்றால் ஃபிலிமை நகர்த்த வேண்டும் அல்லது வேக வளையத்தைத் திருப்ப வேண்டும். இரண்டுமே கேமராவை அசைக்கும். அதனால் ஒரு முகட்டில், இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், நான் பழகிக்கொண்ட முறை இது: மூடியை லென்ஸுக்கு முன்னால் தொடாமல் பிடித்துக்கொள், ஷட்டரைத் திற, அதிர்வு அடங்கட்டும், மூடியை விலக்கு, எண்ணு, மறுபடி மூடியால் மறை, அப்புறம் வளையத்தைத் திருப்பு. பழகிவிட்டால் கை தானாகச் செய்யும். எட்டுப் படம் முடிந்ததும் காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கட்டைவிரலால் ரோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காகிதத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். தளர்ந்தால் ஓரத்தில் வெளிச்சம் புகும். புது ரோலின் அம்புக்குறியைக் கேமராவின் புள்ளிக்கு நேராக நிறுத்தி மூடுவதற்குள் வெளிச்சம் மாறியிருக்கும். ரோலுக்கு 15 அல்லது 16 படம் தருகிற 6×4.5இன் அருமை அந்த இடத்தில்தான் தெரியும்.

ஆனால் நான் அதை மாற்றியதற்குக் காரணம் இவை எதுவுமல்ல. ஜி.டபிள்யூ.690, மாமியா 7 இரண்டுமே ரேஞ்ச்ஃபைண்டர் வகை. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் பார்ப்பதை அல்ல. பக்கத்து ஜன்னல் ஒன்றின் வழியாகப் பார்க்கிறீர்கள். அதில் எல்லாமே எப்போதும் தெளிவாகத் தெரியும், முன்னால் இருக்கிற புல்லும் பின்னால் இருக்கிற சிகரமும். ஃபிலிமில் அப்படி விழுமா என்பதை லென்ஸில் பொறித்த அளவுகோலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். (அந்த அளவுகோலை ஒரு ஸ்டாப் குறைத்தே நம்புங்கள்: எஃப்/16இல் எடுக்கிறீர்களா, எஃப்/11 கோடுகளுக்குள் காட்சி அடங்கும்படி ஃபோகஸை வையுங்கள். பெரிய பிரிண்டில் இந்தக் கஞ்சத்தனம் பலன் தரும்.)

அடுத்தது ஃபில்ட்டர். ஸ்லைடு ஃபிலிமில் வானத்தையும் நிலத்தையும் சேர்த்துப் பிடிக்க மேலே கருத்து கீழே தெளிந்த கிராஜுவேட் ஃபில்ட்டர் வேண்டும். அதன் கோடு தொடுவானத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று எஸ்.எல்.ஆரில் (உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் பார்ப்பதையே காட்டும் கேமரா; பென்டாக்ஸ் 67, ஹாசல்பிளாட் அந்த வகை) பார்த்தே வைக்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் குத்துமதிப்புதான். பளபளப்பைக் குறைக்கும் போலரைசரும் அப்படியே: கண்ணுக்கு முன்னால் பிடித்துத் திருப்பி, எந்தக் குறி மேலே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு, அதே நிலையில் லென்ஸில் மாட்ட வேண்டும். செய்யலாம். நிதானமாக ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தால் செய்யலாம். மேகம் ஓடுகிற நாளில் எனக்குப் பொறுமை போதாது.

எனவே நான் கேட்கும் கேள்வி ஃபிரேம் அளவு அல்ல. உங்கள் படங்களில் முன்புறம் எவ்வளவு கிட்டத்தில் வரும்? ஃபில்ட்டர் போடுவீர்களா?

ஜூன் 8

இரட்டை லென்ஸ் கேமராக்களை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். விடவில்லை. ரோலைஃப்ளெக்ஸ், யாஷிகா மேட் 124ஜி, மினோல்டா ஆட்டோகார்ட், மூன்றுமே சுமார் ஒரு கிலோ, சத்தமே இல்லாத ஷட்டர், அதிர்வதற்குக் கண்ணாடி இல்லை. சதுரத்தில் ஒரே லென்ஸோடு பயணம் போகிறவருக்கு இதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது. கேள்வி கேட்டவர் பெரிய அகலப் பிரிண்ட் வேண்டும் என்கிறார், அதனால்தான் முன்னால் வைக்கவில்லை.

பெல்லோஸ் வைத்த பழைய மடிப்புக் கேமராக்கள் சட்டைப் பைக்குள் போகும். வாங்கினால் இருட்டறையில் பெல்லோஸுக்குள் சின்ன டார்ச்சை விட்டு, மடிப்பு மூலைகளில் ஊசித்துளை வெளிச்சம் வருகிறதா பாருங்கள்.

ஜூன் 11

நான்கு நாளாக மாமியா 7ஐ நான் குறைத்துப் பேசுவது போல ஆகிவிட்டது. நண்பர் ஒருவருடையதைக் கொஞ்ச காலம் வைத்து எடுத்திருக்கிறேன், அதனால் அதன் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

அதன் 43 மி.மீ. லென்ஸ் மாதிரி ஒன்றை எஸ்.எல்.ஆரில் செய்ய முடியாது. கண்ணாடி தூக்கி இறங்க இடம் விட வேண்டியதில்லை என்பதால் லென்ஸின் பின்முனை ஃபிலிமுக்கு வெகு அருகில் வரை போகலாம். அதனால்தான் அவ்வளவு அகலத்தில் கோடுகள் வளையாமல் மூலை வரை கூர்மையாக நிற்கின்றன. கட்டடமும் மரமும் நேராக நிற்கும். ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் பொத்தான் அமுக்கியதே பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது; 1/30இல் கையில் பிடித்து எடுத்த படம் நன்றாக வந்தது. கோயில் பிரகாரம், ரயில் பெட்டி, சந்தை போன்ற இடங்களில் பென்டாக்ஸ் 67ஐ எடுத்து ஒரு முறை அமுக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை: அதன் மீட்டர் லென்ஸ் வழியாக அளப்பதில்லை, ஆகவே ஃபில்ட்டர் போட்டால் இழக்கும் வெளிச்சத்தை நீங்களே கூட்ட வேண்டும். 43க்குத் தனி வ்யூஃபைண்டரை மேலே மாட்ட வேண்டும். 80 லென்ஸ் ஒரு மீட்டருக்குக் கிட்டே வராது. பேட்டரி இல்லாமல் ஷட்டர் இயங்காது. லென்ஸ் மாற்றும் முன் உள்ளே இருக்கிற திரையை மூட வேண்டும், பிறகு திறக்க வேண்டும். திறக்காமல் பொத்தானை அமுக்கினால் கேமரா மறுத்துவிடும், அது நல்லதுதான்.

யோசித்துப் பார்த்தால் "இயற்கைக் காட்சியும் பயணமும்" என்று நாம் ஒரே மூச்சில் சொல்கிறோமே தவிர, அவை இரண்டு வேலைகள். முதலாவதில் கேமரா டிரைபாடில் நிற்கும், நீங்கள் காத்திருப்பீர்கள். இரண்டாவதில் கேமரா தோளில் தொங்கும், நீங்கள் நடப்பீர்கள். ஒரே கேமரா என்றால் இரண்டில் எது உங்கள் மனதுக்கு நெருக்கம் என்று சொல்லியாக வேண்டும். நடைதான் என்றால் மாமியா 7, என்னிடம் மறுப்பு இல்லை. காத்திருப்பு என்றால் லென்ஸ் வழியாகப் பார்க்கிற கேமரா.

ஜூன் 12

பென்டாக்ஸ் 67இன் கண்ணாடி அதிர்வு பற்றி இங்கே இரண்டு கட்சி. கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் வசதி 1969இல் வந்த முதல் மாடலில் இல்லை, பிற்பாடு வந்தவற்றில் உண்டு. வாங்குகிறவர்கள் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கண்ணாடியைத் தூக்கிவிட்டாலும் பெரிய திரை ஷட்டர் ஓடும்போது ஓர் உதை இருக்கும். தொல்லை தருவது 1/30க்கும் ஒரு விநாடிக்கும் நடுவே உள்ள வேகங்கள். பல விநாடிகள் என்று போய்விட்டால் அந்த உதை மொத்த நேரத்தில் கரைந்துவிடும். கனமான டிரைபாட், கேமராவின் தலையில் கையை அழுத்தி வைப்பது, இரண்டும் உதவும். இன்னொன்று: பழைய 67இல் ஷட்டரைத் திறந்தே வைத்திருக்க மின்சாரம் செலவாகிக்கொண்டே இருக்கும். இரவு வானம் எடுக்கிறவர் பையில் மாற்று பேட்டரி இல்லாமல் கிளம்பக் கூடாது.

ஹாசல்பிளாட்காரர்கள் கோபிக்க வேண்டாம். பேட்டரி வேண்டாம், பேக்கை மாற்றி நடு ரோலில் கறுப்பு வெள்ளைக்குப் போகலாம், கண்ணாடியை முன்பே தூக்கலாம். லென்ஸைக் கழற்றும் முன்னும் மாட்டும் முன்னும் ஷட்டர் முடுக்கிய நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும். அகலப் படத்துக்கு மேலும் கீழும் வெட்டுவீர்கள் என்ற என் முதல் நாள் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது.

ஜூன் 15

பேச்சு ஃபிலிமுக்குப் போய்விட்டது, போகட்டும், அதுவும் வேண்டியதுதான்.

எஃப்/22இல் எடுக்கிறவர் விநாடிக் கணக்கில் எக்ஸ்போஸ் செய்வார். நீண்ட நேரத்தில் ஃபிலிமின் வேகம் குறையும். வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிமில் ஃபியூஜியின் சொந்தக் கணக்குப்படி 4 விநாடிக்கே மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும், 32 விநாடிக்கு ஒரு முழு ஸ்டாப், 64 விநாடியை அவர்களே பரிந்துரைப்பதில்லை. நிறம் சாய்வதும் உண்டு, அதற்கு மெஜெண்டா திருத்தம் சொல்கிறார்கள். ஃபியூஜியின் கறுப்பு வெள்ளை ஆக்ராஸ் இதற்கு நேர் எதிர், 120 விநாடி வரை எதுவும் கூட்ட வேண்டாம். இன்னொரு கறுப்பு வெள்ளையான ஹெச்.பி.5இல் மீட்டர் 10 விநாடி சொன்னால் 20 கொடுங்கள். நிறத்தில் எக்டார் 100இன் கிரெயின் மிக நுண்ணியது. வானத்தில் கிரெயின் உறுத்துகிறது என்றவர் கேமரா வாங்குமுன் 35இலேயே அதைப் போட்டுப் பார்க்கலாம்.

விமானப் பயணம்: ஃபிலிமைச் சரக்குப் பெட்டியில் போடவே போடாதீர்கள். கைப்பைக்கு வந்திருக்கும் புதிய சி.டி. ஸ்கேனர்களில் எந்த வேகத்து ஃபிலிமையும் விடாதீர்கள், கோடாக்கும் இதைத்தான் சொல்கிறது. ரோல்களை ஒளி ஊடுருவும் பையில் தனியாக எடுத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வரிசை தொடங்கும் முன்னாலேயே, பணிவாக. பெரும்பாலும் செய்கிறார்கள்.

ஜூன் 15, மறுபடி

220 பற்றிக் கேட்டவருக்கு: மீடியம் ஃபார்மட்டில் இப்போது நாம் போடும் வழக்கமான ரோல் 120. ஃபிலிமுக்குப் பின்னால் காகிதம் இல்லாமல் அதைப் போல இரட்டை நீளத்தில் வந்த ரோல் 220. கோடாக்கும் ஃபியூஜியும் இப்போது தயாரிப்பதில்லை. பழைய கேமராவோடு 220 பேக் மட்டும் வருகிறதென்றால் 120 பேக் தனியாகத் தேட வேண்டியிருக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள்.

ஜூன் 19

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: படங்களைப் பரப்பி வைத்துப் பார்த்தாராம், தனக்குப் பிடித்தவற்றில் பாதிக்கு மேல் காலடியிலிருந்து தொடங்குகின்றன, கிராஜுவேட் ஃபில்ட்டர் இல்லாமல் ஸ்லைடு எடுப்பதில்லை. அப்படியானால் பென்டாக்ஸ் 67ஆ, பென்டாக்ஸின் 6×4.5 எஸ்.எல்.ஆரான 645என்னா என்கிறார்.

645என் என்பேன். நான் இப்போது வைத்திருப்பதும் அதுதான் என்பதைச் சேர்த்தே எடைபோடுங்கள். 75 லென்ஸோடு ஒன்றரை கிலோ. லென்ஸ் வழியாகவே அளக்கும் நல்ல மீட்டர், ஆட்டோஃபோகஸ், எங்கும் கிடைக்கிற பென்சில் பேட்டரி. டிரைபாட் திருகுக்கு அடியில் ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு துளைகள். நெடுக்குப் படத்துக்குத் தலையைச் சாய்த்துக் கேமராவைத் தொங்கவிட வேண்டியதில்லை. ஃபிரேமுக்கு வெளியே ஃபிலிம் ஓரத்தில் அப்பர்ச்சரையும் வேகத்தையும் பொடி எழுத்தில் அச்சிட்டு வைக்கும். கழுவி வந்த ஸ்லைடைப் பெட்டி விளக்கில் வைத்து, "இது எஃப்/16, 2 விநாடி" என்று ஓரத்திலேயே படித்துக்கொள்ளலாம். நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கும் வழக்கம் இல்லாத எனக்கு அது பெரிய ஆசான். 45-85 ஜூம் 35இல் ஏறக்குறைய 28-53க்குச் சமம், கனமானது, ஆனால் பாறை விளிம்பில் நின்றுகொண்டு ஓரடி முன்னே போக முடியாத இடத்தில் அதன் மதிப்பு புரியும்.

குறை: நடு ரோலில் ஃபிலிம் மாற்ற முடியாது. கண்ணாடியைத் தூக்கும் வசதி 645என்னில் இல்லை, 2001இல் வந்த 645என் II-இல்தான் உண்டு. கண்ணாடி சின்னது, அதன் அதிர்வு 67 அளவுக்கு இல்லை. அரை விநாடி, கால் விநாடி படங்கள் உங்களுக்கு அதிகம் என்றால் II-க்குக் காத்திருங்கள்.

67இன் நெகட்டிவ் பெரியது, 105 எஃப்/2.4 வரைகிற விதமே தனி. அந்தக் கேமராவை விரும்பி வாங்குகிறவர் எடையைக் கேட்டு வாங்குவதில்லை. இவர் கேட்டார், அதனால் சொல்கிறேன்.

ஜூன் 27

645என் II ஒன்று பார்த்துவிட்டாராம், வாங்குமுன் எதைச் சோதிப்பது என்கிறார்.

லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள்: சிலந்தி வலை மாதிரி இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விட்டுவிடுங்கள், இரண்டு மூன்று தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும். பின்கதவு ஓரத்து நுரைப்பட்டையை விரலால் தொடுங்கள், பிசின் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும், அது சின்ன வேலை. எல்லா வேகத்திலும் அமுக்கிப் பாருங்கள். ஒரு விநாடியைக் கடிகாரத்தோடு கேளுங்கள். ஃபிலிம் ரோலைத் தாங்கும் இன்செர்ட்டைக் கழற்றி மாட்டும்போது பூட்டு ஆடக் கூடாது. அழுத்தத் தகடு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும், ஃபிலிமைத் தட்டையாக வைப்பது அதுதான்.

பிறகு ஒரு கறுப்பு வெள்ளை ரோல். எஃப்/2.8இலும் எஃப்/16இலும் ஒரே செங்கல் சுவர், டிரைபாடில். கழுவி வந்ததும் வெட்டாமல் முழு நீளமாக வாங்குங்கள், ஃபிரேம்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். முதலிலிருந்து கடைசி வரை சீராக இருந்தால் ஃபிலிம் ஓட்டம் ஒழுங்கு. எங்காவது ஒட்டிக்கொண்டோ ஏறிக்கொண்டோ இருந்தால் இன்செர்ட்டை மாற்றி இன்னொரு ரோல் ஓட்டுங்கள். அப்போதும் அப்படியே என்றால் கோளாறு உடலில். அந்த அளவுகளை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.